ஒற்றை வாக்கும் சாட்சியக் கடமையும்

வாக்குரிமை பெற்றோரில் ஒரு பெரும் பகுதியினர் வாக்குச்சாவடிப் பக்கமே வருவதில்லை என்பது நம் நாட்டில் நெடுங்காலமாகப் பேசப்பட்டுவரும் குறையாகும். 2024ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் வாக்குப்பதிவு 69.72 விழுக்காடு. தருமபுரித் தொகுதியில் அது 81 விழுக்காட்டைத் தாண்டிய அதே நாளில், தென்சென்னையிலும் மத்திய சென்னையிலும் 54 விழுக்காட்டை ஒட்டியே நின்றது. கல்வியும் வசதியும் செய்தித்தாள் வாசிப்பும் மிகுந்த தலைநகரில் ஏறத்தாழப் பாதிப்பேர் வாக்களிக்கவில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

வராதவர்கள் அனைவரையும் சோம்பேறிகள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அவர்களுள் படித்தவர்கள் ஒரு வாதத்தை முன்வைக்கிறார்கள்: "இலட்சக்கணக்கான வாக்குகளுக்கு நடுவே என் ஒரு வாக்கு எதை மாற்றிவிடப் போகிறது?" இந்த வாதத்தைக் கடிந்துரையால் வெல்ல முடியாது, விடைதான் அளிக்க வேண்டும். நம் ஃபிக்ஹ் நூலார் தேர்தலைக் கண்டவர்கள் அல்லர். ஆயினும் இந்த வினாவின் மையத்திலுள்ள சிக்கலை அவர்கள் வேறொரு பெயரில் நுணுகி ஆராய்ந்திருக்கிறார்கள். அதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணக்கு சொல்வது

வாக்களிக்காதவர் கூறும் வாதம் அரசியல் அறிவியலில் அறியப்பட்ட ஒன்றே. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் அந்தோணி டவுன்ஸ் 1957இல் வெளியிட்ட தம் நூலில், தன் வாக்கு முடிவைத் தீர்மானிக்கும் வாய்ப்பு மிகக் குறைவாக இருக்கும்போது, நேரத்தையும் உழைப்பையும் செலவிட்டு ஒருவர் ஏன் வாக்களிக்க வேண்டும் என்ற வினாவை விரிவாக எழுப்பினார்.

இரண்டு வேட்பாளர்கள் மட்டுமே போட்டியிடும் ஒரு தொகுதியில் ஒரு இலட்சம் பேர் வாக்களிப்பதாகக் கொள்வோம். ஒவ்வொருவரும் நாணயத்தைச் சுண்டிப் பார்த்து வாக்களித்தால், இருவரும் சரிசமமாக வாக்குப் பெறும் வாய்ப்பு ஏறத்தாழ நானூற்றில் ஒன்று. ஆனால் மக்கள் மனம் ஒருவர் பக்கம் சிறிது சாய்ந்து, நூற்றுக்கு 51 என்ற நிலை வந்துவிட்டால், அதே வாய்ப்பு பல்லாயிரம் கோடியில் ஒன்று என்ற அளவுக்குத் தேய்ந்துவிடும்.

இதற்கு மறுமொழியாக, நூலிழையில் முடிந்த தேர்தல்களைச் சுட்டிக்காட்டுவது வழக்கம். அவை உண்மையானவை, மறக்கக் கூடாதவையும்கூட. 2004இல் கர்நாடக மாநிலம் சந்தேமரஹள்ளித் தொகுதியில் ஏ.ஆர். கிருஷ்ணமூர்த்தி ஒரே ஒரு வாக்கில் தோற்றார். 2008இல் இராஜஸ்தானின் நாத்துவாராத் தொகுதியில், மாநிலக் காங்கிரஸ் தலைவராக இருந்த சி.பி. ஜோஷி எண்ணிக்கையின்போது ஒரே வாக்கில் தோற்றதாக அறிவிக்கப்பட்டார். 2018இல் மிசோரமின் துயிவால் தொகுதி 3 வாக்குகளில் முடிவாயிற்று. தமிழ்நாட்டில் 2016இல் இராதாபுரம் 49 வாக்குகளிலும், 2021இல் தியாகராய நகர் 137 வாக்குகளிலும் தீர்மானிக்கப்பட்டன. 2024இல் மும்பை வடமேற்கு மக்களவைத் தொகுதியின் வெற்றி வேறுபாடு 48 மட்டுமே.

வாக்குகள் சமமாகிவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 65ஆம் பிரிவில் வழி சொல்கிறது. தேர்தல் அலுவலர் சீட்டுக் குலுக்கிப் பார்ப்பார். எவர் பெயர் வருகிறதோ அவர் ஒரு வாக்குக் கூடுதலாகப் பெற்றதாகக் கொள்ளப்படும். மர்யம் (அலை) அவர்களை வளர்க்கும் பொறுப்பு யாருக்கு என்பதை எழுதுகோல்களை எறிந்து முடிவு செய்ததாகத் திருக்குர்ஆன் (3:44) குறிப்பிடுவதைக் கொண்டு, உரிமை சமமாகும் இடத்தில் குர்ஆ எனும் சீட்டுக் குலுக்கலை நம் சட்ட நூலாரும் ஏற்றிருக்கிறார்கள். இங்கு நோக்கத்தக்கது வேறு: ஒரே ஒருவர் கூடுதலாக வந்து வாக்களித்திருந்தால் தேவைப்பட்டிராத சீட்டு அது.

இருந்தபோதிலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இவை அரிய நிகழ்வுகள். "என் தொகுதியில் வேறுபாடு இருபதாயிரம்" என்பவருக்கு இவை விடையாகமாட்டா. வாக்கின் மதிப்பை அது முடிவை மாற்றும் ஆற்றலைக் கொண்டு மட்டுமே அளந்தால், பெரும்பாலான தேர்தல்களில் பெரும்பாலான வாக்குகளுக்கு மதிப்பில்லை என்றே கணக்கு சொல்லும். ஆகவே அளவுகோலையே ஆராய வேண்டியிருக்கிறது.

வாக்கு எவ்வகைச் செயல்?

இருபதாம் நூற்றாண்டின் பெரும் ஹனஃபி அறிஞர்களுள் ஒருவரான முஃப்தி முஹம்மது ஷஃபீ (1897-1976) அவர்கள் வாக்கின் மார்க்கத் தன்மையை மூன்றாகப் பகுத்துரைத்தார்கள். முதலாவது, அது ஷஹாதத்; வேட்பாளர் அப்பொறுப்புக்குத் தகுதியும் நேர்மையும் உடையவர் என்று வாக்காளர் சாட்சி சொல்கிறார். இரண்டாவது, அது ஷஃபாஅத். ஒருவருக்காகச் செய்யும் பரிந்துரை. மூன்றாவது, அது வகாலத். பொது உரிமைகளில் தம் சார்பாகச் செயல்பட ஒருவரை நியமித்தல். நல்ல பரிந்துரை செய்பவருக்கு அதன் நன்மையிலும், தீய பரிந்துரை செய்பவருக்கு அதன் தீமையிலும் பங்குண்டு என்பது திருக்குர்ஆன் (4:85) கூறும் நெறி.

இம்மூன்றுள் ஷஹாதத்தே நம் வினாவுக்கு நெருக்கமானது. சாட்சிகள் அழைக்கப்படும்போது மறுக்கலாகாது என்று அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமும், சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்குரியது என்று 283ஆம் வசனமும் உணர்த்துகின்றன. பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக இருப்பினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு 4:135 பணிக்கிறது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று 5:8 எச்சரிக்கிறது. உறவு, சாதி, கட்சி, ஏன், சமயச் சார்பும்கூடச் சாட்சியத்தைத் திரித்துவிடலாகாது என்பதே இவற்றின் சாரம்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். சாட்சியம் என்பது நடந்துவிட்ட ஒன்றைப் பற்றியது. மன்றத்தில் வெளிப்படையாகச் சொல்லப்படுவது. வாக்கோ வரவிருக்கும் காலத்தைப் பற்றியது, மறைவாக இடப்படுவது. இரண்டையும் எவ்வாறு ஒப்பிடுவது?

ஃபிக்ஹ் நூல்களில் சாட்சிய இயலோடு சேர்ந்தே பேசப்படும் 'தஸ்கியா' இதற்கு விடையளிக்கிறது. காழியின் முன் வந்து நிற்கும் சாட்சி நம்பத்தகுந்தவர்தாமா என்பதை அவரை அறிந்த இன்னொருவரிடம் விசாரித்தறிவதே தஸ்கியா. இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்களின் ஹிதாயா இதனை வெளிப்படையானது, இரகசியமானது என இரண்டாகப் பிரிக்கிறது. இரகசியத் தஸ்கியாவில், சாட்சியின் பெயர், குலம், அடையாளம், தொழும் பள்ளிவாசல் ஆகியன குறிக்கப்பட்ட கடிதம் விசாரிக்கப்படுபவரிடம் மறைவாக அனுப்பப்படும். அதற்கே 'மஸ்தூரா', அதாவது மறைக்கப்பட்டது என்று பெயர். அவர் தம் கருத்தைப் பதிந்து அவ்வாறே மறைவாகத் திருப்பி அனுப்புவார். விசாரிக்கப்படுபவர் ஏமாற்றப்படாமலும் பகைக்கு ஆளாகாமலும் இருப்பதற்காகவே இந்த மறைப்பு. ஒருவரின் தகுதி பற்றி, அவர் மீது ஒரு பொறுப்பைச் சாட்டுவதற்கு முன்னர், அச்சமின்றி மறைவாகச் சொல்லப்படும் சான்று இது. வாக்குச்சீட்டின் இயல்புக்கு இதைவிட நெருக்கமான ஒன்றைப் பழைய நூல்களில் காண்பது அரிது.

இஸ்லாமிய ஆட்சியல்லாத அமைப்பில் வாக்களிப்பது கூடுமா என்ற கேள்வி ஒரு காலத்தில் இந்தியாவில் வலுவாக எழுப்பப்பட்டதுண்டு. ஜமாஅத்தே இஸ்லாமி ஹிந்த் தொடக்கத்தில் தன் உறுப்பினர்களை வாக்களிப்பதிலிருந்து விலக்கியே வைத்திருந்தது. 1980களில் அத்தடையை நீக்கியது. எகிப்து மன்னரின் கீழ் நிதிப் பொறுப்பைக் கேட்டுப் பெற்ற யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறும் (12:55), இரு தீங்குகளுள் சிறியதைத் தேர்தல் என்னும் சட்ட விதியும், வாக்களிப்பதை ஆதரிக்கும் அறிஞர்கள் காட்டும் ஆதாரங்கள்.

பிறர் போதுமா?

வாக்கு ஒரு சாட்சியமென்றே கொண்டாலும், "என்னைத் தவிர வேறு சாட்சிகள் உளரே" என்று ஒருவர் கூறலாம். வாக்களிக்காதவரின் வாதம் ஃபிக்ஹ் மொழியில் பெறும் வடிவம் இதுதான். நம் சட்ட நூலார் இதை ஆராயாமல் விடவில்லை.

சாட்சியம் அளித்தல் அடிப்படையில் ஃபர்ளு கிஃபாயா. தேவையான எண்ணிக்கையினர் சொல்லிவிட்டால் மற்றவர் மீதுள்ள கடமை நீங்கிவிடும். ஒருவர் விலகினால் உரிமை பறிபோய்விடும் என்ற நிலை ஏற்படின், அதுவே அவர் மீது ஃபர்ளு ஐன் ஆகிவிடும். கடன் வழக்கில் இரு ஆண் சாட்சிகள் போதும். அவர்கள் சொல்லி முடித்தபின் அந்நிகழ்வைக் கண்ட மூன்றாமவர் வீட்டிலிருந்தாலும் குற்றமில்லை.

இந்த விலக்கு எதன் மீது நிற்கிறது என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். போதுமான எண்ணிக்கை இரண்டு என்பது முன்னரே அறியப்பட்டது. அந்த இருவரும் சொல்லிவிட்டார்கள் என்பதும் அறியப்பட்டது. போதுமானது நிறைவேறிவிட்டது என்ற அறிவு, அல்லது அதற்கு நிகரான மேலோங்கிய எண்ணம் இருந்தால்தான் கிஃபாயா எஞ்சியோரை விடுவிக்கும். ஊரில் ஒரு ஜனாஸா இருக்கையில், "யாராவது தொழுதிருப்பார்கள்" என்று ஒவ்வொருவரும் வெறும் ஊகத்தில் இருந்துவிட, எவருமே தொழாமற்போனால், அறிந்தும் வாளாவிருந்த அனைவருமே பாவிகள் என்பது நம் மாணவர்களும் அறிந்த சட்டம்.

தேர்தலில் நிலைமை என்ன? ஒரு நல்ல வேட்பாளர் வெல்ல எத்தனை வாக்குகள் போதும் என்பது எதிர்த்தரப்பின் எண்ணிக்கையைப் பொறுத்தது. அந்த எண்ணிக்கை வாக்குப்பதிவு முடிந்த பின்னரே வெளிப்படும். போதுமானது எவ்வளவு என்பதும், அது நிறைவேறிவிட்டதா என்பதும் வாக்களிக்கும் நேரத்தில் எவருக்கும் தெரியாது. தெரிய வரும்போது கடமையின் நேரம் கடந்துவிட்டிருக்கும். ஆதலால், "பிறர் போதும்" என்னும் விலக்கை வாக்குப்பதிவு நாளில் உறுதியாகப் பற்றிக்கொள்ள வழியில்லை.

தியாகராய நகர்த் தேர்தலை இந்தக் கண்ணோட்டத்தில் மீண்டும் பார்ப்போம். 2021இல் அங்கு வாக்காளர்கள் ஏறத்தாழ 2.4 இலட்சம், வாக்குப்பதிவு சுமார் 56 விழுக்காடு. வாக்களிக்காதவர்கள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். வெற்றி வேறுபாடோ 137. அந்த ஒரு இலட்சம் பேரில் ஒவ்வொருவரும் தம் ஒரு வாக்கால் முடிவு மாறியிராது என்று சொன்னால், தனித்தனியே அது உண்மைதான். ஆயினும் அவர்களுள் ஆயிரத்தில் இரண்டு பேருக்கும் குறைவானோர் தோற்றவர் பக்கம் வந்திருந்தாலே முடிவு மாறியிருக்கும். தனித்தனியே உண்மையாகவும் கூட்டாகப் பொய்யாகவும் முடியும் இத்தகைய கூற்றை எதிர்கொள்ளவே கிஃபாயா என்னும் கருத்து அமைந்திருக்கிறது. அது கடமையைச் சமூகத்தின் மீது சுமத்துகிறது. நிறைவேறாவிடில் கணக்கைத் தனிமனிதரிடம் கேட்கிறது.

கூட்டத்தின் குரலும் தனியொருவர் இசைவும்

தனிமனிதரின் இசைவை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வளவு மதித்தார்கள் என்பதற்கு ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று சான்றாகும். ஹுனைன் போருக்குப் பின் ஹவாஸின் குலத்தார் இஸ்லாத்தை ஏற்று வந்து, தம் பெண்டிர் பிள்ளைகளைத் திருப்பித் தருமாறு வேண்டினர். சிறைப்பட்டோர் ஏற்கெனவே படையினருக்குப் பங்கிடப்பட்டிருந்தனர். மனமுவந்து விட்டுத்தருவோர் விட்டுத்தரலாம் என்று நபி (ஸல்) அவர்கள் மக்களிடம் கூறியபோது, கூட்டம் ஒரே குரலில் சம்மதம் தெரிவித்தது. நபியவர்களோ அதைக் கொண்டு முடிவு செய்யவில்லை. உங்களில் யார் இசைந்தார், யார் இசையவில்லை என்பது இந்த ஆரவாரத்தில் தெரியவில்லை. திரும்பிச் செல்லுங்கள், உங்கள் பிரதிநிதிகள் வந்து உங்கள் கருத்தைத் தெரிவிக்கட்டும் என்ற பொருள்படப் பணித்தார்கள். பிரதிநிதிகள் ஆட்களிடம் பேசி வந்து அறிவித்த பின்னரே செயல் நடந்தது. ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்ற செய்தி இது.

ஆயிரம் பேரின் முழக்கத்துக்குள் மறைந்துபோகக்கூடிய ஒருவரின் மௌனத்தையும் அறிந்தாக வேண்டும் என்பதே இங்கு வெளிப்படும் நெறி. அந்த ஒருவரால் முடிவு மாறுமா என்பது இங்கு வினாவாகவே இல்லை.

உமர் (ரலி) அவர்களுக்குப் பின் கலீஃபாவைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அறுவர் குழுவிடம் விடப்பட்டபோதும் இந்நெறியே பேணப்பட்டது. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் மூன்று இரவுகள் உறக்கம் துறந்து மதீனாவில் கருத்துக் கேட்டார்கள். திரைமறைவிலிருந்த பெண்களிடமும், பாடசாலைச் சிறார்களிடமும், ஊருக்கு வந்த பயணிகளிடமும்கூட அவர்கள் விசாரித்ததாக இப்னு கஸீர் (ரஹ்) தம் வரலாற்று நூலில் பதிவு செய்கிறார்கள்.

இவ்விரு நிகழ்ச்சிகளும் நம் ஊர்களின் நடைமுறைக்கு ஒரு செய்தியைச் சொல்கின்றன. தேர்தல் நெருங்கியதும் அமைப்புகள் ஆதரவுத் தீர்மானம் வெளியிடுவதும், சமுதாயத்தின் வாக்கு இன்னாருக்கே என்று மேடையில் முழங்குவதும் வழக்கமாகிவிட்டன. வழிகாட்டுவது தவறன்று. ஆனால் அம்முழக்கம் ஒருவர் வரிசையில் நின்று அளிக்க வேண்டிய சான்றுக்கு ஈடாகாது. தீர்மானம் போட்டுவிட்ட நிறைவில் வீட்டிலிருந்துவிடுவோர் எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு மஹல்லாவும் எண்ணிப் பார்க்கலாம்.

பெண்கள் வகையில் இது இன்னும் பொருந்தும். இரண்டாம் அகபா உடன்படிக்கையில் 73 ஆண்களோடு நுஸைபா, அஸ்மா என்னும் இரு பெண்மணிகளும் பங்கேற்றனர். 1951-52இல் நடந்த முதற் பொதுத் தேர்தலிலோ, இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் பதிந்து தம் பெயரைக் கூற மறுத்ததால், ஏறத்தாழ 28 இலட்சம் பெண்களின் பதிவு வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பெயரில்லாச் சாட்சியை மன்றம் ஏற்காது. வீட்டுத் தலைவர் சொல்லும் சின்னத்தை அழுத்திவிட்டு வருவதும் சாட்சியமாகாது. அது இரவல் குரல்.

சிறுபான்மையினராகிய நாம், "2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் 5.86 விழுக்காட்டினர்தாமே, நம்மால் என்ன ஆகும்?" என்று கூறுவதும் அதே பழைய வாதத்தின் மறுவடிவம்தான். தோல் தொழில் நகரங்களாகிய ஆம்பூரையும் வாணியம்பாடியையும் உள்ளடக்கிய வேலூர் மக்களவைத் தொகுதியில், 2019 ஆகஸ்டில் நடந்த தேர்தல் 8,141 வாக்கு வேறுபாட்டில் முடிந்தது. ஒரு நகரின் சில தெருக்கள் வீட்டிலிருந்திருந்தால் மாறியிருக்கக்கூடிய எண்ணிக்கை அது.

அதே தேர்தல் கற்பிக்கும் இன்னொரு பாடமும் உண்டு. அவ்வாண்டு ஏப்ரலில் அங்கு நடைபெற வேண்டிய வாக்குப்பதிவு, பெருந்தொகை கைப்பற்றப்பட்டதையடுத்து இரத்து செய்யப்பட்டது. வாக்கு சாட்சியம் என்றால், பணம் பெற்று அதை அளிப்பது ரிஷ்வத் எனும் கையூட்டு. தகுதியற்றவரென்று அறிந்தே அளித்தால் அது பொய்ச் சாட்சியமும் ஆகும். வாக்குக்கு விலையில்லை என்று எண்ணி வீட்டிலிருப்பவரும், அதற்கொரு விலை குறிப்பவரும் அதன் மதிப்பை அறியாததில் ஒன்றுபடுகிறார்கள்.

இயலாமையும் ஆயத்தமும்

சக்திக்கு மீறிய கடமை மார்க்கத்தில் இல்லை. வராதவர் எல்லாரையும் ஒரே தட்டில் நிறுத்துவது நீதியன்று. 2010இல் செய்யப்பட்ட சட்டத்திருத்தத்தால், வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்கள் கடவுச்சீட்டில் உள்ள முகவரியில் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளும் உரிமையைப் பெற்றனர். ஆனால் வாக்களிக்க நேரில் வந்தாக வேண்டும் என்ற நிலையிலேயே அவ்வுரிமை வழங்கப்பட்டது. வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம் கடற்கரையூர் இளைஞர்களுள் பலருக்கு அது இயலாத ஒன்று. 2024 தேர்தலில் 85 வயதைக் கடந்தோரும், 40 விழுக்காடும் அதற்கு மேலும் ஊனமுற்றோரும் வீட்டிலிருந்தே வாக்களிக்க வசதி செய்யப்பட்டது. இயலாமைக்கு வழி திறக்கப்பட்டபின், அவ்வழியைப் பயன்படுத்துவது இயன்றவர் கடமையாகிவிடுகிறது.

சாட்சியத்தில் இரண்டு கட்டங்களுண்டு என்பர் ஃபிக்ஹ் நூலார். சாட்சியத்தை ஏற்றல் தஹம்முல். அதனை அளித்தல் அதா. முன்னது இல்லையேல் பின்னது இல்லை. வாக்காளர் பட்டியலில் தம் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதும், வீடு மாறினால் முகவரியை மாற்றுவதும், 18 வயது நிறைந்த பிள்ளைகளைச் சேர்ப்பதும், இறந்தோரின் பெயரை நீக்கச் செய்வதும் தஹம்முலைச் சார்ந்தவை. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் இதன் இன்றியமையாமையை அனைவருக்கும் உணர்த்தியது. பட்டியலில் பெயர் இல்லாதவர் வாக்குச்சாவடி வாயிலில் நின்று வருந்துவதால் பயனில்லை.

போட்டியிடுவோரில் எவருமே தகுதியற்றவர் என்று உண்மையிலேயே கருதுபவருக்கும் வழியுண்டு. 2013 செப்டம்பர் 27இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பையடுத்து, வாக்குப்பதிவு எந்திரத்தில் 'மேற்கண்ட எவருமில்லை' என்னும் பொத்தான் சேர்க்கப்பட்டது. அதற்கு எத்தனை வாக்கு விழுந்தாலும், வேட்பாளருள் அதிக வாக்குப் பெற்றவரே வென்றவராவார் என்ற முறையிலேயே அது நடைமுறைக்கு வந்தது. ஆகவே முடிவை மாற்றுவதில் அதன் பயன் குறைவு. என்றாலும் சாட்சியம் என்ற அளவில் அது மௌனத்திலிருந்து வேறுபட்டது. 'எவருமில்லை' என்று பதிபவரின் கருத்து எண்ணப்படுகிறது. வீட்டிலிருப்பவரின் மௌனமோ வெறுப்பா, உறக்கமா, ஊரில் இல்லாமையா என்று எவராலும் பிரித்தறிய முடியாதது.

தொகுத்துரைப்பின், "என் ஒரு வாக்கு எதை மாற்றும்?" என்பது விளைவைப் பற்றிய வினா. விளைவு நம் கையில் இல்லை. கணக்கின் துணையாலும் அதை முன்கூட்டி உறுதியாக அறிய முடியாது. சாட்சியிடம் காழி கேட்பது, "உன் சொல்லால் வழக்கு வெல்லுமா?" என்பதன்று, "நீ அறிந்தது என்ன?" என்பதே. அறிந்ததைச் சொன்ன சாட்சி, வழக்கு எவ்வாறு முடிந்தாலும் தன் கடமையிலிருந்து விடுபட்டுவிடுகிறார். சொல்லாமல் விட்டவரோ, வழக்கு நல்லபடி முடிந்தாலும் பிறருடைய நேர்மையின் நிழலில் தப்பியவரேயாவார்.

அமானிதங்களை அவற்றுக்கு உரியோரிடம் ஒப்படைக்குமாறு திருக்குர்ஆன் (4:58) கட்டளையிடுகிறது. ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை, ஒரு சில நிமிடங்களுக்கு, ஆட்சி என்னும் பெரிய அமானிதத்தின் மிகச் சிறிய பகுதி ஒவ்வொரு குடிமகனின் கையிலும் வைக்கப்படுகிறது. பங்கு சிறியது என்பதால் அது அமானிதம் இல்லாமற் போய்விடாது. அல்லாஹ்வே நன்கறிந்தவன்.